பூனைக்குட்டியின் தந்தை: ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி)

மதுரையில் காஜிமார் தெருவானாலும் கோரிப்பாளையமானாலும், தெருப்பூனைகள் இல்லாத சந்து கிடையாது. கண்ணில் பீளை கட்டியது, சொறி பிடித்தது, வண்டிச் சக்கரத்தில் கால் ஒடிந்தது என்று அவற்றில் பல நோயாளிகள். பிள்ளைகள் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டால், இருக்கிற வருமானத்தில் இதற்கும் ஒரு வயிறா என்று வீட்டில் பேச்சு எழும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களின் வரலாறு மிக நெருக்கமானது.

அன்னாரின் இயற்பெயர் பற்றி உலமாக்களிடையே சுமார் முப்பது கருத்துக்கள் உள்ளன. அப்துர் ரஹ்மான் இப்னு ஸக்ர் என்பதே வலுவானது. யமன் பகுதியைச் சேர்ந்த தவ்ஸ் கூட்டத்தார். தந்தையற்ற அநாதையாக வளர்ந்தவர்கள். வயிற்றுச் சோற்றுக்கும், பயணத்தில் முறைவைத்து ஒட்டகத்தில் ஏறிக்கொள்ளும் உரிமைக்குமாக ஒரு பெண்மணியிடம் கூலிவேலை பார்த்தவர்கள். அதற்குமேல் காசு என்று ஒன்றும் கிடையாது. குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்த காலத்தில் அவர்களிடம் ஒரு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, பகலில் மேய்ச்சலுக்குக் கூட்டிச் சென்று விளையாடுவார்கள். அதைப் பார்த்த மக்கள் ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்றழைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஹிஜ்ரி 7-ல் (கி.பி. 628) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைபரில் இருந்த சமயம் அன்னார் மதீனா வந்து சேர்ந்தார்கள். வீடில்லை, தொழிலில்லை. பள்ளிவாசலின் திண்ணையான ஸுஃப்பாவே இருப்பிடம். பசி தாளாமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. அப்படியொரு நாள் வழியில் நின்று, அவ்வழியே வந்த தோழர்களிடம் திருவசனம் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். விளக்கம் தேவைப்பட்டதால் அல்ல. யாராவது வீட்டுக்கு அழைத்துச் சோறு போடமாட்டார்களா என்றுதான். எவரும் புரிந்துகொள்ளவில்லை. அண்ணலார் (ஸல்) முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டு அழைத்துச் சென்றார்கள். வீட்டில் ஒரு கிண்ணம் பால் மட்டும் இருந்தது. ஸுஃப்பாத் தோழர்கள் அனைவரையும் கூட்டி வரும்படி உத்தரவாயிற்று. இத்தனை பேர் குடித்தபின் நமக்கு என்ன மிஞ்சும் என்ற கவலையோடுதான் அன்னார் போனார்கள். (இதைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னதும் அவர்களேதான்.) எல்லோரும் வயிறாரக் குடித்தபின் அன்னார் குடித்தார்கள். இனி இடமில்லை என்னுமளவுக்குக் குடிக்க வைத்துவிட்டு, எஞ்சியதைப் பெருமானார் (ஸல்) அருந்தினார்கள்.

பசியை இவ்வளவு அறிந்தவர்களின் நாவிலிருந்துதான் ஒரு பூனையின் செய்தியும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பூனையைக் கட்டிவைத்துத் தீனியும் கொடுக்காமல், பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸை இப்னு உமர் (ரலி) அவர்களைப் போலவே இவர்களும் அறிவித்துள்ளார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் இவர்கள் வழியாக வந்ததே.

அந்தப் பெண்ணின் குற்றம் அடைத்து வைத்ததும் தீனி மறுத்ததும் சேர்ந்ததாகும். தானே இரை தேடிக்கொள்ளக்கூடிய பூனையை அவிழ்த்து விட்டிருந்தால் போதும். ஆனால் தேடிக்கொள்ள முடியாத பூனை? மாலிகி மத்ஹபின் இமாம் தர்தீர் (ரஹ்) அவர்கள் (வஃபாத் கி.பி. 1786) இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: குருட்டுப் பூனை ஒன்று ஒருவரிடம் அடைக்கலமாகி, வேறிடம் போக இயலாதிருந்தால் அதற்குத் தீனி கொடுப்பது அவர்மீது கடமை. நொண்டிப் பூனைக்கும் இதே காரணம் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூனை வாய்வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது. ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இலேசான மக்ரூஹ். வாயில் நஜீஸ் தெரிந்தால் சட்டம் வேறு. பூனையின் மருத்துவத்துக்கு ஜகாத் பணத்தை எடுக்கலாகாது, ஸதகா கொடுக்கலாம். பெரிய செலவும் தேவையில்லை. அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். மீன் தலையும் சோறும் போதும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் காணும். நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையை இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்னாரின் பிற்கால வாழ்வில் வறுமை விலகிற்று. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனின் ஆளுநரானார்கள். முன்பு தாம் கூலிக்கு நின்ற அந்தப் பெண்மணியையே மணந்தார்கள். ஹதீஸ் கலை இமாம்களின் கணக்குப்படி 5374 அறிவிப்புகள் அவர்கள் பெயரில் உள்ளன. நபித்தோழர்களில் வேறெவருக்கும் இத்தனை இல்லை. மரண நோயில் அழுதார்கள். உலகத்தைப் பிரிவதற்காக அல்ல, பயணம் நீண்டது, கட்டுச்சோறோ குறைவு என்று. ஹிஜ்ரி 57-லிருந்து 59-க்குள் சுமார் 78 வயதில் வஃபாத்தாகி, மதீனாவின் பகீஃ அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.