விண்ணளந்த சந்திரசேகரர்

இலாகூரிற் பிறந்து, சென்னையில் வளர்ந்து, இங்கிலாந்தில் நகையாடப்பட்டு, சிக்காகோவில் நிலைபெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகரர். நோபல் பரிசு பெற்ற தமிழர் என்ற அளவில் அவர் பெயரை யாவரும் அறிவர். அவர் தமது பத்தொன்பதாம் வயதிற் கணிக்கத் தொடங்கிய ஓர் எண், பல கோடி ஒளியாண்டுத் தொலைவை அளக்கும் கோலுக்கு அடிப்படையாயிற்று என்பதனை அறிந்தோர் சிலரே. யான் தமிழ் கற்பிப்பவன். வானநூல் என் துறையன்று. ஆயினும் விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே உடையராய் விளங்கிய விபுலாநந்த அடிகள் தோன்றிய மட்டக்களப்பு நாட்டில் வாழும் எனக்கு, இவ்விரு துறைகட்கும் இடையே வேலியிட மனம் வருவதில்லை.

சந்திரசேகரர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதப் பகுதியிற் கணக்காய்வு உத்தியோகம் பார்த்தவர், விஞ்ஞானி சி. வி. இராமன் அத்தந்தையின் தம்பியார். தமிழாசிரியனாகிய என் கண்ணில் முதலிற் படுபவரோ தாயார் சீதாலட்சுமி அம்மையாரே. இப்சன் என்னும் நோர்வே நாட்டு நாடகாசிரியரின் பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழிற் பெயர்த்தவர் அவர். 1930இல் மகனுக்கு இங்கிலாந்து சென்று கற்க அரசினர் உதவிப்பணம் கிடைத்தபோது அம்மையார் கடும் பிணியுற்றிருந்தார். அந்நிலையில் தாயை விட்டுப் பிரிதல் தகாது என உறவினர் சிலர் கருதினர். மகன் போகவே வேண்டும் என்று வற்புறுத்தியவர் பிணியுற்றிருந்த அத்தாயாரே. அவ்வாண்டு யூலை 31ஆம் நாள் பில்ஸ்னா என்னும் கப்பல் பம்பாயினின்றும் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அன்னையார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அக்கப்பலிலேதான் அந்தக் கணக்குப் பிறந்தது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயிலும்போதே, 1928இல் அங்கு வந்த செருமானிய அறிஞர் சொமர்பெல்டைக் கண்டு உரையாடி, அணுவைப் பற்றிய புதிய பௌதிகத்தில் அவர் ஆழ்ந்திருந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் என்னும் நிலையை எய்தும் என்பது அப்போதைய கொள்கை. வடநூலார் இலுப்தகன் என்னும் சிரியஸ் விண்மீனுக்கு அத்தகைய துணைமீன் ஒன்றுண்டு. சூரியனை ஒத்த திணிவு, பூமியை ஒத்த பருமன். அதன் பொருளைத் தீப்பெட்டி அளவு அள்ளினால் அது பல தொன் நிறை இருக்கும். இவ்வாறு நெருக்குண்ட இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அணுகி ஓடும் என்பதையும் ஐன்ஸ்டைனின் கொள்கையையும் சேர்த்துக் கணக்கிட்டார் இளைஞர். ஓர் எல்லைக்கு மேற்பட்ட திணிவுடைய மீன் வெண்குறுமீனாய் அமைதியுற இயலாது என விடை வந்தது. பின்னர்த் திருத்தமுற்ற அவ்வெல்லை சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்கு. ஸ்ரோனர் என்னும் ஆங்கில அறிஞரும் அதே காலத்தில் இவ்வழியில் ஒரு முடிவு கண்டிருந்தார் என்பதையும் சொல்லுதல் முறை.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் வேந்தவை வானியற் கழகத்தார் கூட்டத்தில் சந்திரசேகரர் தம் முடிபை விளக்கினார். அடுத்து எழுந்தவர் ஆதர் எடிங்டன். ஐன்ஸ்டைன் கொள்கையை ஆங்கிலேயர்க்கு எடுத்துரைத்த பேரறிஞர். சந்திரசேகரரின் அறைக்குப் பலகாலும் வந்து கணக்கு எம்மட்டில் உளது என்று உசாவியவர். அதனை மறுக்கப் போவதாக ஒரு சொல்லும் முன்னர்க் கூறாதவர். விண்மீன் அவ்வாறு எல்லையின்றிச் சுருங்குவதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரவேண்டும் என்று அவர் எள்ளலோடு பேச, அவையோர் நகைத்தனர். மறுமொழிக்கு இடமின்றி அடுத்த கட்டுரை அழைக்கப்பட்டது. போர், பவுளி முதலிய பேரறிஞர்கள் தனிமையில் இளைஞர் பக்கமே உண்மை என்றனர், பொதுவில் வாய்திறந்திலர். எடிங்டனின் மறுப்பைக் காட்டிலும் இம்மௌனமே பெருங்குற்றம் என்பது என் கருத்து.

சந்திரசேகரர் 1936இல் தம் கல்லூரித் தோழி இலலிதாவை மணந்து, 1937இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தார். விண்மீன் அமைப்புப் பற்றித் தாம் கண்டவற்றை 1939இல் ஒரு நூலாக்கி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையைப் பல்லாண்டு ஆய்ந்து, நூலெழுதி முடித்து, அடுத்ததைத் தொடங்குவது அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று. எடிங்டனிடம் பகை பாராட்டவில்லை. 1944இல் அவர் மறைந்தபோது போற்றியுரைத்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

இனி, அவ்வெண் அளவுகோலான வகையைக் காண்போம். ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சூரியனிடத்திருந்து நம்மை அடைய அதற்கு 8 நிமிடத்திற்குச் சற்று மேலாகும். ஓராண்டில் அது கடக்கும் வழி 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். அதுவே ஓர் ஒளியாண்டு. ஆண்டு என்று முடியினும் இது காலப்பெயர் அன்று, நீட்டலளவைப் பெயர் என்று மாணாக்கர்க்கு யான் அடிக்கடி சொல்வதுண்டு. ஓரூரினின்றும் மற்றோரூர் இத்தனை நாழிகை வழி என்று நம் முன்னோர் கூறியதும் இம்முறையே.

அளவுப்பெயர் கிடைத்துவிட்டது, அளப்பது எங்ஙனம்? அண்மையிலுள்ள விண்மீனைப் பூமி சூரியனின் இப்பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறையும், ஆறு திங்கள் கழித்து அப்பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறையும் நோக்கினால் அது இடம் சிறிது பெயர்ந்து தோன்றும். அப்பெயர்ச்சியைக் கொண்டு 1838இல் பெசல் என்பார் முதன்முதல் ஒரு விண்மீனின் தொலைவைக் கண்டார். அது ஏறத்தாழ 11 ஒளியாண்டு. மிகத் தொலைவிலோ அப்பெயர்ச்சி புலப்படாது.

இரவில் கல்லடிப் பாலத்தின்மேல் நின்று வாவியை நோக்குவோர்க்கு மேல்வரும் வழி எளிதில் விளங்கும். இறால் பிடிக்கும் தோணிகளின் விளக்குகள் ஆங்காங்கே தெரியும். மங்கலாகத் தோன்றும் விளக்குத் தொலைவில் உளதோ, அன்றி அருகிலுள்ள சிறுவிளக்கோ? கண் அறியாது. ஆனால் எல்லாத் தோணியிலும் ஒரே அளவான விளக்கே உளது எனத் தெரிந்தால், மங்கலே தொலைவைச் சொல்லிவிடும். இருமடங்கு தொலைவில் ஒளி நான்கில் ஒன்று. பத்து மடங்கில் நூறில் ஒன்று. ஆகவே வானில் ஒரே அளவான விளக்குத் தேவை.

அவ்விளக்கைத் தந்தது சந்திரசேகரர் எல்லை. துணைமீனிடமிருந்து பொருளை ஈர்த்துக் கொழுக்கும் வெண்குறுமீன் அவ்வெல்லையை அணுகும்போது அதன் கரி முழுதும் ஒருங்கே பற்றிப் பெருவெடிப்பாய்ச் சிதறும். எல்லை யாண்டும் ஒன்றே; ஆதலின் வெடிப்பின் ஒளியும் பெரும்பாலும் ஒன்றே. உச்சத்தில் அது சூரியனைப்போற் சில நூறு கோடி மடங்கு சுடர்வதால், பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்தும் நமக்குத் தெரியும். முற்றும் ஒரே அளவு என்று சொல்லிவிடல் மிகையாகும். இரண்டு வெண்குறுமீன்கள் மோதியும் சில வெடிக்கலாம் என்பர். மெல்ல மங்குவன சற்று ஒளிமிக்கன என்பதும் 1993இல் தெளிவாகி, அதற்கேற்பத் திருத்தம் செய்யப்படுகிறது.

சந்திரசேகரர் 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள் சிக்காகோவிற் காலமானார். மூன்றாண்டு கழித்து, இவ்விளக்குகளை அளந்த இரு குழுவினர் அவை எதிர்பார்த்ததினும் மங்கலாயிருப்பக் கண்டு, பேரண்டம் விரையும் வேகம் கூடிவருகிறது என்று வெளியிட்டனர். அதற்கு 2011இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1999 யூலையில் விண்ணேறிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர் சூட்டினர். 1572இல் தைக்கோ பிராகி கண்ட வெடிப்பின் எச்சத்தை அது படம்பிடித்துளது. அன்று சிதறியதும் ஒரு வெண்குறுமீனே.