பட்டினத்தாரின் மூன்று விடைபெறல்கள்

திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதிக் கோயில் உள்ளது. துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ஒரு புறம், அலையோசை மறுபுறம். எங்களுள் பலர் அவ்வழியே பள்ளிக்கு வருகிறோம். ஆயினும் அங்கு அடங்கியவர் யார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா காலமானார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றவர் அவர். அன்று காலை ஏதோ கோபத்தில் அவள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டு விட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாயா என்று பின்னாலிருந்து அவர் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. மாலையில் அவர் இல்லை. அதை எண்ணி எண்ணி அவள் அழுதாள். அப்போதுதான் எங்கள் தமிழாசிரியை பட்டினத்தாரின் வரலாற்றைச் சொன்னார்கள்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடர். பிள்ளையில்லாத அவர் மருதவாணன் என்னும் சிறுவனை வளர்த்தார். வாலிபனானதும் அவன் கடல் கடந்து வாணிகம் செய்து, வரட்டி மூட்டைகளோடு திரும்பினான். தந்தை சினந்தார். வரட்டிக்குள் மணிகள் இருப்பதைக் கண்டு மகனைத் தேடியபோது அவன் போய்விட்டிருந்தான். ஒரு பேழை மட்டும் இருந்தது. அதனுள் காதறுந்த ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன. இறுதிப் பயணத்தில் இந்த ஊசிகூட உடன் வராது என்பதே ஓலையின் பொருள். மகனின் கடைசிச் சொல் அதுவே. அதைப் படித்த செல்வர் அனைத்தையும் துறந்து கோவணாண்டி ஆனார்.

துறவு பூண்டவர் தாயை மட்டும் மறக்கவில்லை. அந்திமக் காலத்தில் வந்து கொள்ளி வைப்பதாக வாக்களித்தார். சொன்னபடியே சுடுகாட்டிற்கு வந்து, உறவினர் அடுக்கிய விறகை நீக்கி, பச்சை வாழைமட்டைகளை அடுக்கி, தாய் ஊட்டியதையும் தாலாட்டியதையும் பாடித் தீ மூட்டினார் என்பர். முற்றும் துறந்தவரும் அழுத இடம் அது.

பின்னர்த் தலந்தோறும் சுற்றித் திருவொற்றியூர் சேர்ந்தார். பதினோராம் திருமுறையில் இவ்வூரைப் பற்றிய அவர் பெயரிலான நூலும் உண்டு. அப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் வாழ்ந்தனர் என்று அறிஞர் கூறுவர். எனினும் மக்கள் மனத்தில் பட்டினத்தார் ஒருவரே. 1962-ல் டி.எம். சௌந்தரராஜன் அவராக நடித்த திரைப்படமும் வெளிவந்தது.

இக்கடற்கரை மணலில் அவர் சிறுவர்களோடு விளையாடினாராம். தம்மை மூடச் சொல்லி, மறைந்து வேறிடத்தில் தோன்றுவாராம். மூடியது கூடை என்பர் சிலர். சால் என்பர் சிலர். ஒரு நாள் திறந்து பார்த்தபோது அவர் இல்லை, சிவலிங்கமே இருந்தது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. ஆடி உத்திராடத்தன்று இங்கே குருபூசை நடைபெறுகிறது.

எங்களை வியக்க வைத்தது இதுதான். மரணத்தைப் பற்றி அவ்வளவு பாடியவர், சாகும்போது பெரிய உபதேசம் எதுவும் சொன்னதாக இந்தக் கதையில் இல்லை. பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டே போய்விட்டார். கடைசிச் சொல் என்பது மரணப் படுக்கைக்கென்று எடுத்து வைப்பது அன்று. தினமும் சொல்லும் சொற்களுள் எது கடைசி என்று எவருக்கும் தெரியாது. டப்பாவை எடுத்துக்கொண்டாயா என்ற கேள்வியிலும் ஒரு வாழ்நாள் அன்பு முழுவதும் அடங்கியிருந்தது. இதைச் சொன்னபோது எங்கள் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசப்படும்போது நாம் மண் என்பதை நினைக்கிறோம். மறுநாளே மறந்து சண்டையிடுகிறோம். தோழியரே! தமிழர் வீட்டை விட்டுப் புறப்படும்போது போகிறேன் என்பதில்லை; போய் வருகிறேன் என்பார்கள். நாளைக் காலையில் எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு கோபமானாலும், வாசற்படியில் நின்று அதைச் சொல்லிவிட்டு வருவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி