67 வயதில் எழுப்பிய ஆஸ்பத்திரி

அறுபத்தேழு வயதில் பலரும் ஓய்வு எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த வயதில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்!

இளமை வேகம்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. ஆண்கள் படித்துவந்த மகாராஜா கல்லூரியில், பலத்த எதிர்ப்புக்கு இடையே அவருக்கு இடம் கிடைத்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டர் ஆனார்.

1927-ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930-ல் காந்திஜி கைதானதும் பதவியை உதறித் தள்ளினார். துணிச்சலும் வேகமும்தான் அன்று அவருடைய பலம்.

தங்கையின் சாவு

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா நடந்தது. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அம்மையார் அங்கே கேட்டார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. புற்றுநோய் வந்தால் பிழைக்க முடியாது, அதற்கு ஆஸ்பத்திரி வீண் செலவு என்று பலர் நினைத்தார்கள்.

முதுமையின் பலம்

வயது ஏறியது. ஆனால் விடாப்பிடி குறையவில்லை. பல ஆண்டுத் தொண்டில் சேர்த்த நல்ல பெயர் கைகொடுத்தது. அவர் நிதி கேட்டபோது, மக்கள் நம்பிக் கொடுத்தார்கள்.

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாறில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. படுக்கைகள் 12தான்!

இளைஞர் தோள்

பணம் திரட்ட முதியவரின் பெயர் போதும். இரவு பகலாக நோயாளிகளைக் கவனிக்க இளம் உடம்பு வேண்டுமே! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்தப் பாரத்தைச் சுமந்தார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 28.

அம்மையார் 1968 ஜூலையில் காலமானார். வயது 81. அந்த இளம் டாக்டரோ, அடையாறிலேயே தொண்டு செய்து தாமும் முதியவர் ஆனார். 2021-ல் மறைந்தபோது சாந்தாவுக்கு வயது 93.

பன்னிரண்டு படுக்கைகள் இன்று பல நூறாகிவிட்டன. தாம்பரத்தில் இருந்தும், தூரத்து ஊர்களில் இருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். குணம் அடைந்து வீடு திரும்புகிறவர்களும் ஏராளம். தங்கைக்குக் கிடைக்காத வாழ்வு, யார் யாருடைய தங்கைகளுக்கோ கிடைத்துக்கொண்டிருக்கிறது.