கோல் கம்பத்தின் காவலன் ஆறுமுகம்

2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ படத்தைப் பார்த்த மாணவர்களுக்குக் கோல்காவலர் முத்துவை நினைவிருக்கும். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஆர். ஆறுமுகம்.

1953 ஜனவரி 31இல் பிறந்த ஆறுமுகம், கிள்ளான் வட்டாரத்துப் பிள்ளை. சிலாங்கூர் அணியில் பெயர் பெற்று, 1970களில் தேசிய அணியின் கோல்காவலரானார். எட்டாத பந்தையும் தம் நீண்ட கைகளால் எட்டிப் பிடித்ததால், ரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தனர். 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் வெண்கலமும், 1977, 1979 சீ விளையாட்டுகளில் தங்கமும் வென்ற அணிகளில் அவர் இடம்பெற்றார்.

காற்பந்தில் கோல்காவலரின் மன அழுத்தம் தனி வகை. தாக்குதல் ஆட்டக்காரர் நான்கு வாய்ப்புகளைத் தவறவிட்டாலும், ஐந்தாவதில் கோல் அடித்தால் போதும், அனைவரும் கொண்டாடுவார்கள். கோல்காவலரோ 89 நிமிடங்கள் காத்துவிட்டு, ஒரு நொடி தடுமாறினால் பழி அவர் மேல்தான் விழும். உள்ளே போன பந்தையே நினைத்துக் கொண்டிருந்தால், அடுத்த பந்தும் உள்ளே போய்விடும். பல்லாயிரம் பேரின் ஆரவாரத்துக்கு நடுவே ஆறுமுகம் ஆண்டுக் கணக்கில் நின்ற இடம் அது.

அவர் தனியாகவும் நிற்கவில்லை. அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங் என்ற இரு தூண்கள் இருந்தன. நல்ல கோல்காவலர் ஆட்டம் முழுவதும் தற்காப்பு ஆட்டக்காரர்களை நோக்கிக் குரல் கொடுத்துக் கொண்டே இருப்பார். ஆபத்தைத் தனக்குள் பூட்டி வைக்க மாட்டார்.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், மலேசியா 2-1 என்று தென் கொரியாவை வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆனால், ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பை எதிர்த்து நம் நாடு அப்போட்டியைப் புறக்கணித்தது. மைதானத்தில் வென்ற வாய்ப்பு, மைதானத்துக்கு வெளியே கைநழுவியது. எந்தக் கோல்காவலராலும் தடுக்க முடியாத பந்து அது! அதன் பின்னரும் ஆறுமுகம் கையுறையைக் கழற்றிவிடவில்லை, தொடர்ந்து விளையாடினார்.

1988 டிசம்பர் 18இல் கார் விபத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 35.

மாணவர்களே, எஸ்பிஎம் தேர்வில் ஒரு தாள் சரியாக அமையாமல் போகலாம். பல்கலைக்கழகத்தில் விரும்பிய துறை கிடைக்காமலும் போகலாம். நம் கையில் இருப்பது அடுத்த பந்துதான். பாரம் கூடினால் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். குரல் கொடுப்பது கோழைத்தனமல்ல. அது கோல்காவலரின் கடமை.