கோடுகளால் பேசிய நஸ்ரீன் முகமதி

மன்னார் தாம்போதியில் பஸ் போகும்போது ஜன்னலால் எட்டிப் பாருங்கள். மலை இல்லை, கட்டடம் இல்லை. வானமும் கடலும் சேரும் இடத்தில் ஒரேயொரு கோடு மட்டும் தெரியும். நாம் தினமும் கண்டும் காணாமல் விடும் இத்தகைய கோடுகளுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர் ஓவியர் நஸ்ரீன் முகமதி.

அவர் 1937ஆம் ஆண்டு கராச்சியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தாரோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகள். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் குடும்பம் பம்பாயில் குடியேறியது. தந்தைக்குப் பஹ்ரைனில் புகைப்படக் கருவிகள் விற்கும் கடை இருந்தது. 1954இல் லண்டன் சென்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் நஸ்ரீன் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. இன்று உயர்தரம் படிக்கும் எங்கள் வயதுதான். பின்னர் 1961 முதல் 1963 வரை பாரிஸிலும் ஓவியம் கற்றார்.

பம்பாய்க்குத் திரும்பியதும் வி. எஸ். கைத்தொண்டே போன்ற மூத்த ஓவியர்களின் பழக்கம் கிடைத்தது. தொடக்கத்தில் வண்ணங்களைக் கொண்டே வரைந்தார். மரமும் கரையும் அவற்றில் மங்கலாகத் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல உருவங்கள் மறைந்தன. வண்ணங்களும் ஒவ்வொன்றாக விலகின. 1972இல் பரோடாப் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில் ஆசிரியரானார். அக்காலத்தில் அவரிடம் எஞ்சியவை பென்சில், கறுப்பு மை, அடிமட்டம், வெள்ளைத் தாள் ஆகியவையே.

வெறும் கோடுகளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கோடுகளை நெருக்கி வரைந்தால் அவ்விடம் இருளும். இடைவெளி விட்டால் வெளிச்சம் பரவும். அழுத்தத்தைக் குறைத்தால் கோடு தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். சற்றுச் சாய்த்தால் தாளே அசைவதுபோலிருக்கும். வண்ணம் செய்யும் வேலையை இடைவெளி செய்கிறது. என் உம்மம்மா பனையோலைப் பாய் இழைக்கும்போதும் இதையே கண்டிருக்கிறேன். ஓலை மேலும் கீழுமாகப் போகும் ஒழுங்கில்தான் அந்தப் பாயின் அழகு இருக்கிறது. நஸ்ரீனும் தறியில் இழுத்துக் கட்டிய நூல்களையும், கடற்கரை மணலையும், பத்தேபூர் சிக்ரியின் கற்தளங்களையும் புகைப்படம் எடுத்தார். அவர் உயிரோடிருந்தபோது அப்படங்களை எந்தக் கண்காட்சியிலும் வைக்கவில்லை. ஓவியங்களுக்குத் தலைப்பும் இடவில்லை.

இதற்கிடையே உடலின் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைச் சிறிது சிறிதாகப் பறிக்கும் ஒரு நரம்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நேர்கோடு வரைபவருக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது? ஆனாலும் வரைமேசையை அவர் விடவில்லை. அவரது கடைசிக் கால ஓவியங்களில் அகன்ற வெள்ளைத் தாளில் சில சாய்கோடுகளும் வளைவுகளும் மட்டுமே மிதக்கின்றன. அவற்றில் ஒரு நடுக்கத்தையும் காண முடியாது.

1990இல் மகாராஷ்டிராவின் கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில், 53 வயதில் காலமானார். 2016இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தபோது, அங்கு நடந்த முதற் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது.

அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் எங்கள் மூத்தோர் இந்தத் தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளம் போன உம்மம்மாவிடம் மிஞ்சியது கைப்பழக்கம் ஒன்றுதான். அங்கும் ஓலை தேடிப் பாய் இழைத்தார். நஸ்ரீனின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கைகள்தான் என் நினைவுக்கு வந்தன.

நான் சித்திரப் பாடத்தைத் தெரிவு செய்தபோது, இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்கள் பலர். பெற்றோரே, உங்கள் மகள் கொப்பியின் ஓரத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தால் உடனே ஏசாதீர்கள். ஒரு நிமிடம் பக்கத்தில் அமர்ந்து, அவள் என்ன பார்க்கிறாள் என்று கேளுங்கள்.