குயவர் மகனுக்காகக் கலைந்த சங்கம்

கல்கத்தாவில் 1869-ல் பிறந்தவர் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி. அந்நாளில் கால்பந்து வெள்ளைக்காரர்களின் ஆட்டம். நம்மவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளிச் சிறுவனான நாகேந்திரர், மைதானத்தில் ஒரு நாள் பந்தை உதைத்துப் பார்த்தார். ஆசை பற்றிக்கொண்டது! தோழர்களிடம் காசு திரட்டிப் பந்து வாங்கினார்.

வளர்ந்ததும் வெலிங்டன் சங்கத்தை நடத்தினார். அதில் குயவர் மகனான மணி தாஸைச் சேர்க்க விரும்பினார். உறுப்பினர் சிலர் சாதியைச் சொல்லி மறுத்தனர். நாகேந்திரர் பணியவில்லை. சங்கத்தையே கலைத்துவிட்டார்!

1887-ல் சோபாபஜார் சங்கம் பிறந்தது. அதில் முதல் உறுப்பினர் யார் தெரியுமா? மணி தாஸ்தான்!

1892-ல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் இந்தச் சங்கம், வெள்ளையரின் கிழக்கு சர்ரே பட்டாள அணியை 2-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது.

1940-ல் காலமான நாகேந்திரரை, இந்தியக் கால்பந்தின் தந்தை என்று போற்றுகிறார்கள்.