ஆயிரம் குழந்தைகளுக்குத் தந்தையான மகாராஜா

ஐரோப்பாவில் போலந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் வார்ஸா. அந்த நகரத்தில் உள்ள ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் என்று பெயர். அங்கே ஒரு பள்ளிக்கூடமும் அந்த மகாராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் போலந்து தேசத்தவர் அல்ல. நம் நாட்டவர். குஜராத்தின் கடலோரத்தில் இருந்த நவாநகர் சமஸ்தானத்தை ஆண்டவர். ஜாம் சாகிப் திக்விஜய சிங்ஜி என்பது அவர் பெயர்.

எங்கோ இருக்கும் போலந்து மக்கள் குஜராத் மகாராஜா ஒருவரை ஏன் இப்படிப் போற்றுகிறார்கள்? யுத்தத்தில் வீடு இழந்து, பெற்றோரை இழந்து, பசியும் நோயுமாக அலைந்த அவர்களுடைய குழந்தைகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். அதுதான் காரணம்.

ரஞ்சியின் வாரிசு

கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு ரஞ்சிக் கோப்பை தெரியும். ரஞ்சித் சிங்ஜி என்ற புகழ் பெற்ற ஆட்டக்காரரின் நினைவாக வைக்கப்பட்ட கோப்பை அது. ரஞ்சிதான் நவாநகர் மன்னராகவும் இருந்தார். நவாநகரின் தலைநகரம் ஜாம்நகர். அங்கே ஆளும் மன்னரை ஜாம் சாகிப் என்று அழைப்பது வழக்கம்.

ரஞ்சிக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே தம் சகோதரர் மகனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவர்தான் திக்விஜய சிங்ஜி. 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி சடோதர் என்ற ஊரில் பிறந்தவர். ராஜ்கோட்டிலும், பிறகு இங்கிலாந்திலும் படித்தார். 1919-ல் பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்து பல ஆண்டுகள் பணி செய்தார். 1933-ல் ரஞ்சி காலமானதும் பட்டத்துக்கு வந்தார்.

பெரியப்பாவைப் போல இவருக்கும் கிரிக்கெட்டில் ஆசை உண்டு. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். சமஸ்தான மன்னர்கள் எல்லோரும் சேர்ந்த சபைக்கும் இவரே தலைவராக விளங்கினார்.

இப்படி வசதியும் செல்வாக்கும் நிறைந்த ஒரு ராஜா, காலில் செருப்பு இல்லாத அயல்நாட்டுக் குழந்தைகளுக்குத் தந்தை ஆனது எப்படி? அதற்குப் போலந்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரு புறமும் இடி

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. ஹிட்லரின் ஜெர்மன் படை மேற்குப் பக்கமாகப் போலந்துக்குள் புகுந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 17-ந் தேதி, கிழக்குப் பக்கமாக ஸ்டாலினின் ருஷியப் படை புகுந்தது. இரண்டு பேரும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் அடி என்பார்களே, அந்தக் கதியாயிற்று போலந்தின் கதி.

ருஷியா பிடித்த பகுதியில் 1940-லும் 1941-லும் பெரிய கொடுமை ஒன்று நடந்தது. நள்ளிரவில் சிப்பாய்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். சரக்கு ரயில் வண்டிகளில் மனிதர்களை அடைத்துக் கதவைத் தாழிட்டு, வாரக் கணக்கில் ஓட்டிச் சென்றார்கள். சைபீரியாவின் பனிக் காடுகளிலும், கஜகஸ்தானின் வறண்ட வெளிகளிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். லட்சக்கணக்கானோர் இப்படி நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம்.

பெரியவர்கள் மரம் வெட்டினார்கள். வேலைக்கு ஏற்றபடிதான் ரொட்டி. குளிரிலும் பட்டினியிலும் பலர் மாண்டார்கள். முதலில் தகப்பன், பிறகு தாய் என்று பறிகொடுத்து, தனியாக நின்ற குழந்தைகள் எத்தனையோ பேர்.

1941 ஜூன் மாதம் நிலைமை மாறியது. கூட்டாளியாக இருந்த ஹிட்லர் ருஷியாவின் மீதே பாய்ந்தார். இப்போது ருஷியாவுக்குத் துணை தேவைப்பட்டது. லண்டனில் இருந்த போலந்து அரசாங்கத்தோடு ஜூலை 30-ந் தேதி உடன்பாடு செய்துகொண்டது. அதன் தலைவர் ஜெனரல் சிகோர்ஸ்கி. கைதிகளாக இருந்த போலந்து மக்களுக்கு விடுதலை கிடைத்தது.

விடுதலை என்றால் என்ன? காட்டை விட்டு வெளியே போகலாம், அவ்வளவுதான். வீடு திரும்ப வழி இல்லை. அங்கே ஜெர்மானியர் இருந்தார்கள். ஆகவே கூட்டம் கூட்டமாகத் தெற்கே, வெயில் உள்ள நாடுகளை நோக்கி மக்கள் நகர்ந்தார்கள். வழியில் விஷக் காய்ச்சல் பரவியது. பிழைத்த அநாதைக் குழந்தைகளை அஷ்காபாத் முதலிய ஊர்களில் விடுதிகளில் சேர்த்தார்கள். அங்கேயும் உணவு போதவில்லை. அந்தக் குழந்தைகளை உடனே வெளியே கொண்டுபோனால்தான் உயிர் தப்பும் என்ற நிலை.

வாசல் திறந்தது

யுத்தக் காலம். எல்லா நாட்டிலும் தானியத்துக்குத் தட்டுப்பாடு. அயல்நாட்டு அகதிகளை ஏற்க யாரும் எளிதில் முன்வரவில்லை. நம் நாடோ அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜாம் சாகிப் முன்வந்தார். தம் சமஸ்தானத்தில் இடம் தருவதாகச் சொன்னார். இளம் வயதில் சுவிட்சர்லாந்தில், போலந்தின் பெரும் இசைக் கலைஞர் பாதரெவ்ஸ்கியைச் சந்தித்தவர் அவர் என்பார்கள். அது முதல் அந்த நாட்டின் மீது அவருக்கு அபிமானம். 1942-ல் லண்டன் யுத்த மந்திரி சபையில் இந்தியாவின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் நம் ஆர்க்காடு ராமசாமி முதலியார். மற்றவர் ஜாம் சாகிப். ஆகவே போலந்தின் துயரம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பம்பாயிலிருந்த போலந்துத் தூதரகமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து லாரிகளில் மருந்து, துணி, உணவு ஏற்றி அஷ்காபாத்துக்கு அனுப்பின. தூதரின் மனைவி கிரா பனாசின்ஸ்கா இந்த வேலையில் இரவு பகலாக உழைத்தார். சாமான்களை இறக்கிய லாரிகள் திரும்பும்போது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வந்தன. மெஷ்ஹத், ஜாஹிதான், குவெட்டா என்று மலையும் பாலைவனமும் தாண்டிய நெடும் பிரயாணம். 1942-ல் முதல் கூட்டம் பம்பாய் வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக இருந்த குழந்தைகள் சில மாதம் அங்கே தங்கி உடம்பு தேறினார்கள். பிறகு ஜாம்நகருக்குப் புறப்பட்டார்கள்.

பாலாச்சடியில் ஒரு குட்டிப் போலந்து

ஜாம்நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், கடற்கரையில் பாலாச்சடி என்ற சிறு கிராமம் இருக்கிறது. அங்கே மகாராஜாவுக்கு ஒரு மாளிகை உண்டு. அதன் அருகில் குழந்தைகளுக்காக வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள் எழுந்தன.

நம் சங்கரன்கோவில் பக்கத்து மேலநீலிதநல்லூரில் ஒரு நாள் காலை, நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து இறங்குவதாக நினைத்துப் பாருங்கள். ஊராருக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்களுக்கு ஊர்ப் பாஷை தெரியாது. அவர்கள் உண்பது வேறு, கும்பிடுவது வேறு. பாலாச்சடியில் நடந்தது அதுதான்.

மகாராஜா வந்து குழந்தைகளை வரவேற்றார். இனி அவர்கள் யாரும் அநாதைகள் அல்ல என்றும், நவாநகர் மக்கள் எல்லோருக்கும் தாம் தகப்பன் என்பதால் அவர்களுக்கும் தாமே தகப்பன் என்றும் சொன்னார். காந்திஜியை அழைப்பது போலவே அந்தக் குழந்தைகளும் அவரை பாபு என்று அழைத்தார்கள். பாபு என்றால் தந்தை.

சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தால் போதும் என்று ஜாம் சாகிப் நினைக்கவில்லை. இந்தக் குழந்தைகள் ஒரு நாள் தங்கள் நாட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள். அப்போது தங்கள் மொழியை மறந்து, ஊமைகளாகப் போய் நிற்கக் கூடாது. ஆகவே போலந்து ஆசிரியர்களே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். போலந்து மொழிப் புத்தகங்கள் வந்தன. கிறிஸ்தவக் குழந்தைகள் ஜெபம் செய்யக் கோயில் அமைந்தது. பாதிரியார் புளூட்டா முகாமின் தலைவராக இருந்தார். சாரணர் படை ஏற்பட்டது. கம்பத்தில் போலந்துக் கொடி பறந்தது. சொந்த மண்ணில் பறக்க முடியாத கொடி, பாலாச்சடிக் கடற்காற்றில் பறந்தது!

மகாராஜாவின் தோட்டத்திலும் நீச்சல் குளத்திலும் பிள்ளைகள் ஆடித் திரிந்தார்கள். உள்ளூர்க் குழுக்களோடு கால்பந்து ஆடினார்கள். போலந்து நாட்டுப்புற நடனமும் நாடகமும் நடத்தினால், முன் வரிசையில் மகாராஜா உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துமஸ் வந்தால் பரிசுகள் வரும்.

கீரைச் சண்டை

முதலில் உணவு பெரிய தொல்லையாக இருந்தது. நம் சமையலின் காரம் குழந்தைகளின் நாக்குக்குத் தாங்கவில்லை. மகாராஜா கோவாவிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்தார். ஐரோப்பியச் சமையல் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் உடம்புக்கு நல்லது என்று அடிக்கடி கீரை சமைத்துப் போட்டார்கள். குழந்தைகளுக்குக் கீரை அறவே பிடிக்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து கீரையைத் தொட மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள்! செய்தி மகாராஜாவின் காதுக்குப் போயிற்று. இனிக் கீரை வேண்டாம் என்று அவர் உத்தரவு போட்டார். முதியவர்களான பிறகும் அந்தக் குழந்தைகள் இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ரொட்டித் துண்டுக்காக ஏங்கிய பிள்ளைகள், இது வேண்டாம் என்று அடம் பிடிக்கும் அளவுக்கு மீண்டும் குழந்தைகள் ஆகிவிட்டார்கள். தாய் வீட்டில்தானே பிள்ளைகள் அடம் பிடிக்கும்?

செலவு யாருடையது?

இத்தனைக்கும் பணம் வேண்டாமா? மகாராஜா தாமும் கொடுத்தார், மற்ற மன்னர்களிடமும் கேட்டார். பல சமஸ்தானங்கள் உதவின. டாட்டா நிறுவனமும் உதவியது. பின்னர் கோலாப்பூருக்கு அருகே வலிவடே என்ற இடத்தில் இன்னொரு முகாம் ஏற்பட்டது. அங்கே சுமார் 5,000 போலந்து மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1943 முதல் 1948 வரை தங்கியிருந்தார்கள்.

அதே 1942-ல் நம்மவர்களும் அகதிகளாக அலைந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஜப்பானியர் பர்மாவில் புகுந்ததும், லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே நாடு திரும்பினார்கள். அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். வழியிலே செத்து விழுந்தவர்கள் பல்லாயிரம். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொடிய பஞ்சம். நம் வீட்டிலேயே அடுப்பு எரியாத காலம் அது. அந்தக் காலத்தில்தான் இந்த மண்ணில் அயலார் பிள்ளைகளுக்கும் ஒரு வேளைச் சோறு கிடைத்தது. அந்த உதவியின் அருமை அதனால் இன்னும் கூடுகிறது.

வழியனுப்பு

1945-ல் யுத்தம் முடிந்தது. ஆனால் குழந்தைகளின் கவலை முடியவில்லை. போலந்தில் ருஷியாவின் ஆதரவு பெற்ற புதிய ஆட்சி ஏற்பட்டது. பெற்றோரைச் சாகடித்தவர்களின் நிழலுக்கே திரும்பிப் போக வேண்டுமா என்று பல குழந்தைகள் அஞ்சினார்கள். அநாதைகளை விருப்பத்துக்கு மாறாக அனுப்பிவிடக் கூடாதே! ஆகவே ஜாம் சாகிபும், பாதிரியார் புளூட்டாவும், பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரும் சேர்ந்து அவர்களுக்குச் சட்டப்படி காப்பாளர்கள் ஆனார்கள். வாய்ச் சொல்லாகத் தகப்பன் என்று சொன்னவர், காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

1946-ல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. நாலு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,000 குழந்தைகள் வரை அங்கே வாழ்ந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் வலிவடேக்குப் போனார்கள். பிறகு சிலர் போலந்துக்கும், மற்றவர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பிரிந்து போனார்கள்.

நாட்டுக்குச் செய்த பணி

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. ஜாம் சாகிப் தம் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். சிறு சமஸ்தானங்கள் பல ஒன்று சேர்ந்து 1948-ல் சௌராஷ்டிர மாநிலம் உருவானபோது, அதன் ராஜப் பிரமுகராக, அதாவது கவர்னரைப் போன்ற பதவியில் அமர்ந்தார். 1956 வரை அந்தப் பதவியில் இருந்தார். சோமநாதர் ஆலயத் திருப்பணியிலும் முன் நின்றார். ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். யுத்தத்தால் சீரழிந்த கொரியாவைச் சீர்படுத்த நிதி திரட்டும் குழுவிலும் தலைமை தாங்கினார்.

1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, 70-ஆம் வயதில் பம்பாயில் அவர் காலமானார்.

உதவிக்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று சிகோர்ஸ்கி கேட்டாராம். விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயரை வைத்தால் போதும் என்று மகாராஜா சொன்னாராம். இப்படி ஒரு செய்தி வழங்குகிறது. ஆனால் ருஷியாவின் பிடியில் போலந்து இருந்த வரையில், சைபீரியாவைப் பற்றியே அங்கே வாய் திறக்க முடியவில்லை. 1989-ல் அந்த ஆட்சி மாறியது. அதன் பிறகு பள்ளிக்கூடம் அவர் பெயரைப் பெற்றது. 2012-ல் சதுக்கமும் அமைந்தது. போலந்து அரசு, மறைந்த மகாராஜாவுக்கு உயர்ந்த விருது ஒன்றும் வழங்கியது. 2024-ல் இந்தியப் பிரதமர் வார்ஸா சென்றபோது அந்த நினைவிடத்தில் மலர் அஞ்சலி செலுத்தினார்.

பாலாச்சடியில் முகாம் இருந்த இடத்தில் பின்னர் சைனிக் பள்ளி ஏற்பட்டது. முன்பு போலந்துக் குழந்தைகள் படித்த மண்ணில் நம் குழந்தைகள் படிக்கிறார்கள்.

2022-ல் உக்ரைன் நாட்டில் யுத்தம் மூண்டது. அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை நோக்கி ஓடினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். பக்கத்து நாடுகள் வழிவிட்டன. போலந்து, விசா இல்லாமலே அவர்களை உள்ளே விட்டது. அங்கிருந்து அவர்கள் விமானம் ஏறி வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடைக்கலம் கேட்டு வருகிறவர் யார், எந்த ஜாதி, எந்த தேசம் என்று ஜாம் சாகிப் பார்க்கவில்லை. பசித்த குழந்தை என்று மட்டும் பார்த்தார். அந்தக் குழந்தைகள் உலகத்தின் நாலு மூலைகளிலும் வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்து, தங்கள் பாபுவின் கதையைச் சொன்னார்கள். அவர் ஆண்ட சமஸ்தானம் இன்று இல்லை. அவர் பெயர் மட்டும் வார்ஸாவில் நிலைத்து நிற்கிறது.